சாப்பாட்டுக்கு முன் ஒரு சிறு கசப்பு

இத்தாலியில் வேலை முடியும் நேரத்துக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. ஆறரை மணிக்குத் தொடங்கினால் எட்டு, எட்டரை வரை நீளும். அந்த நேரத்தில் மிலான், டூரின், வெனிஸ் நகரங்களின் நடைபாதை மேசைகள் நிரம்பிவிடும். மேசைதோறும் சிவப்பும் ஆரஞ்சுமாகக் கண்ணாடிக் குவளைகள். பக்கத்தில் ஒரு கிண்ணம் பச்சை ஆலிவ், கொஞ்சம் உருளைக்கிழங்கு சிப்ஸ், ஒரு கை வேர்க்கடலை. இந்த வழக்கத்துக்கு அபெரிடிவோ என்று பெயர். பசியைத் தூண்டக் குடிக்கும் கசப்புப் பானத்துக்கும் அதே பெயர்தான். பார்ப்பவர்கள் எல்லாக் குவளையிலும் மது இருப்பதாகவே நினைப்பார்கள். ஆனால் அவற்றில் சிலவற்றில் ஒரு சொட்டு ஆல்கஹால்கூட இருக்காது. நிறம், பனிக்கட்டி, விளிம்பில் செருகிய ஆரஞ்சுத் துண்டு எல்லாம் ஒன்றுபோல் இருப்பதால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. மது குடிக்காதவருக்கு வேறு வழியில்லாமல் நீட்டப்படும் சமாதானமாகவே இந்த மதுவில்லாக் கசப்புப் பானங்கள் பெரும்பாலும் பேசப்படுகின்றன. அந்தப் பார்வை தவறு என்பதே என் வாதம். அபெரிடிவோவின் உயிர் கசப்பில் இருக்கிறது. மது அந்தக் கசப்பைச் சுமந்துவந்த வண்டி. வண்டி மாறியதால் சரக்கு குறைந்துவிடவில்லை.

வரலாற்றிலிருந்தே தொடங்கலாம். சாப்பாட்டுக்கு முன் கசப்பைக் குடிக்கும் பழக்கம் மருந்துக்கடையிலிருந்து வந்தது. ஆல்ப்ஸ் மலைச்சரிவில் விளையும் ஜென்ஷியன் வேர், நம் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த அப்சிந்த் இலை, தென்னமெரிக்காவிலிருந்து வந்த சின்கோனாப் பட்டை, கசப்பு ஆரஞ்சின் தோல் ஆகியவை வயிற்றுக்கும் காய்ச்சலுக்குமான சரக்குகள். அவற்றின் சாரத்தை இறக்கவும், இறக்கிய சாரம் கெடாமல் இருக்கவும் அந்தக் காலத்தில் கைக்குக் கிடைத்த சிறந்த திரவம் ஒயினும் சாராயமும்தான். 1786இல் டூரினில் அந்தோனியோ பெனெதெத்தோ கார்பானோ என்பவர் விற்கத் தொடங்கிய வெர்மூத், மூலிகை ஊறிய ஒயின். 1860இல் நோவாரா நகரில் காஸ்பரே கம்பாரி தொடங்கிய தொழில், மூலிகையும் பழத்தோலும் ஊறிய செக்கச்சிவந்த மதுவாக வளர்ந்தது. 1881இல் மிலானில் ஃபெலிச்சே பிஸ்லேரி இரும்புச்சத்தையும் சின்கோனாவையும் கலந்து ஒரு சத்து டானிக்கையே மதுவாக விற்றார். அதே சின்கோனா மரத்தைத்தான் 1860களில் ஆங்கிலேய அரசு நீலகிரியில் பயிரிட்டது. அதன் பட்டையிலிருந்து நடுவட்டத்தில் கொய்னா என்ற காய்ச்சல் மருந்தைத் தயாரித்தது. நமக்கு அது மலேரியா மாத்திரையாகவே பழக்கமானது. இத்தாலியர்கள் அந்தக் கசப்பைச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். இந்த வரலாறு முழுக்க மது செய்த வேலை இரண்டு: சாரத்தை இறக்குவது, கெடாமல் காப்பது. தொழிற்சாலைகள் வந்து, சுத்திகரிப்பும் பாட்டில் அடைப்பும் காற்றேற்றுதலும் கைவசமான பிறகு, அந்த இரண்டு வேலைகளையும் மது இல்லாமலே செய்ய முடிந்தது.

அப்படிச் செய்தும் காட்டினார்கள். 1932இல் கம்பாரி நிறுவனம், தன் மதுவைச் சோடாவுடன் கலந்து, ஒரு ஆளுக்கு ஒரு பாட்டில் என்ற அளவில் விற்க ஆரம்பித்தது. கவிழ்த்துவைத்த குவளை போலிருக்கும் அந்தச் சின்னஞ்சிறு பாட்டிலை வடிவமைத்தவர் எதிர்காலவாத ஓவியர் ஃபோர்த்துனாத்தோ தெப்பேரோ. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஒற்றை ஆள் அளவை எடுத்துக்கொண்டு, மதுவை விட்டுவிட்டு, இரண்டு நிறுவனங்கள் களத்தில் இறங்கின. இரண்டுமே மலையூற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்றவை. பெர்கமோ மாவட்டத்தின் சான் பெல்லெக்ரினோ 1960களின் தொடக்கத்தில் ஒரு சிவப்புக் கசப்புப் பானத்தைக் கொண்டுவந்தது. இன்று சான்பித்தேர் என்ற பெயரில் கிடைப்பது அதுதான். 1964இல் சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய அந்திகோரியோ பள்ளத்தாக்கில், க்ரோடோ என்ற சிறிய மலையூரிலிருந்து பொன்னிறக் க்ரோடினோ வந்தது. இரண்டும் 100 மில்லிலிட்டர் பாட்டில்கள். க்ரோடினோவின் செய்முறை இன்றும் ரகசியம்தான். ஆனாலும் கிராம்பு, ஏலக்காய், கொத்தமல்லி, ஜாதிக்காய், கசப்பு ஆரஞ்சு ஆகியவற்றின் வாசனையை நாக்கு தானே அடையாளம் கண்டுகொள்ளும். 1995இல் க்ரோடினோவை வாங்கியது கம்பாரி நிறுவனமே. மதுவில்லாப் பானங்கள் உலகெங்கும் புதிய அலையாகப் பேசப்படுகிற இன்றைக்கு இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இத்தாலியில் இது அறுபது வயதைத் தாண்டிய வழக்கம். உடல்நல இயக்கமோ மதுவிலக்குப் பிரசாரமோ இதைப் பிறப்பிக்கவில்லை. வேண்டும் என்று கேட்டுக் குடித்தவர்கள் இருந்ததால் நிலைத்தது.

கசப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இனிப்பை உணர மனித நாவில் ஒரே வகை உணர்விதான் முக்கியமாக வேலை செய்கிறது. கசப்பை உணரச் சுமார் 25 வகை உணர்விகள் இருக்கின்றன. காரணம் எளிது: செடிகள் தங்களைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் நஞ்சுகளில் பெரும்பாலானவை கசப்பவை. கசப்பு, உடலுக்கு ஓர் எச்சரிக்கை. 1962இல் இத்தாலியையே உலுக்கிய ஒரு கொலைவழக்கில், கால்நடை மருத்துவர் ஒருவர் ஸ்ட்ரிக்னைன் என்ற எட்டிக்கொட்டை நஞ்சைக் கலந்து அனுப்பியது இத்தகைய கசப்பு அபெரிடிவோ பாட்டிலில்தான். கசப்பை எதிர்பார்த்துக் குடிப்பவருக்கு நஞ்சின் கசப்பு உறைக்காது என்ற கணக்கு அது. கொடூரமான கணக்கு, ஆனால் மனித நாக்கு இந்தச் சுவையோடு எப்படிப்பட்ட உறவை வளர்த்துக்கொண்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. குழந்தை துப்பிவிடும் சுவையை வளர்ந்தவர்கள் தேடிப்போகிறார்கள். இத்தாலியர்களின் உணவு முழுக்க இந்தத் தேடல் தெரிகிறது. குளிர்காலத்தில் ரோம் நகரச் சந்தைகளில் காசினிக் கீரையின் தண்டைக் கீறித் தண்ணீரில் சுருளவிட்டு, நெத்திலிக் குழம்பில் புரட்டிச் சாப்பிடுகிறார்கள். வடக்கே திரெவீசோவின் செந்நிற ரடிக்கியோ கீரை. காலையில் எஸ்பிரெஸோ. இந்த வரிசையில்தான் மாலையின் கசப்புப் பானமும் வருகிறது.

ஜென்ஷியனை அருகில் வைத்துப் பார்த்தால் கசப்பின் வலிமை புரியும். ஆள் இடுப்புயரம் வளர்ந்து, கணுதோறும் மஞ்சள் பூங்கொத்துகள் சுற்றிநிற்கும் மலைச்செடி அது. முதல் பூ பூக்கவே பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். மண்ணுக்கடியில் கைத்தண்டைப் பருமனுக்குத் தடித்து நீளும் வேரைத் தோண்டி உலர்த்துகிறார்கள். அந்த வேரில் மிகக் குறைந்த அளவில் இருக்கும் அமரோஜென்டின் என்ற பொருள், இயற்கையில் கிடைக்கும் மிகக் கசப்பான பொருள்களில் ஒன்று. ஒரு பங்கை ஐந்து கோடிப் பங்குக்கும் மேற்பட்ட தண்ணீரில் கரைத்தாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். இத்தனை வீரியமுள்ள சுவைக்குத் தன்னைத் தெரியப்படுத்திக்கொள்ள மதுவின் துணை தேவையில்லை. அதைவிட முக்கியம், கசப்பு குடிப்பவரின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. எலுமிச்சைச் சாற்றை ஒரே மூச்சில் குடித்துவிடலாம். கோலாவை மடக் மடக்கென்று விழுங்கலாம். கசப்பை அப்படிக் குடிக்க முடியாது. ஒரு மிடறு, ஒரு இடைவெளி, ஒரு ஆலிவ், மறுபடி ஒரு மிடறு. 100 மில்லிலிட்டர் அரைமணி நேரத்துக்கு வருவது இதனால்தான். சாப்பாட்டுக்கு முன்னான அந்த அரைமணியைப் பேச்சுக்கு ஒதுக்கித் தருவது கசப்பின் இந்தக் குணம்.

பசியைத் தூண்டும் என்ற பேச்சு எவ்வளவு தூரம் உண்மை? இதில் நான் விளம்பரக்காரர்கள் பக்கம் நிற்கமாட்டேன். உணவு வயிற்றை எட்டுவதற்கு முன்பே செரிமானம் தொடங்கிவிடுகிறது என்பதில் சந்தேகமில்லை. 1904இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய உடலியலாளர் இவான் பாவ்லோவ், நாய் விழுங்கிய உணவு இரைப்பையை எட்டாமல் தொண்டைவழியே வெளியேறும்படி செய்தபோதும் இரைப்பை நீர் பெருகுவதைக் காட்டினார். வாயில் சுவை பட்டதுமே உடல் தயாராகிறது. ஜென்ஷியன் வேரைத் தற்காலிகப் பசியின்மைக்கும் லேசான அஜீரணத்துக்கும் பயன்படுத்தலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமையும் ஏற்றிருக்கிறது. ஆனால் அது நீண்டகாலப் பயன்பாட்டின் அடிப்படையில் தரும் அங்கீகாரமே தவிர, மருத்துவச் சோதனைகளின் முடிவு அல்ல. இன்னொரு பக்கம், கொய்னாவை நாவில் படாமல் குழாய்வழியே இரைப்பைக்குள் செலுத்திய ஆய்வுகளில் சிலர் குறைவாகவே சாப்பிட்டார்கள். குடலிலும் கசப்பு உணர்விகள் இருக்கின்றன. அவை போதும் என்று சொல்லும் ஹார்மோன்களைத் தூண்டக்கூடியவை. ஆக, கசப்பு பசியைக் கூட்டும் என்று மருந்துச்சீட்டில் எழுதுவதுபோல் எழுத முடியாது. என் வாதத்துக்கு அது தேவையும் இல்லை. கசப்பு எச்சிலை ஊறவைக்கிறது, நாக்கைக் கூர்மையாக்குகிறது, இனிப்பைப் போல வாயை மூடிவிடாமல் அடுத்த சுவைக்கு இடம்விடுகிறது. உப்புப்போட்ட ஆலிவைக் கடித்த மறுகணம் கசப்பு பின்வாங்கி ஆரஞ்சு மணம் முன்வருவதை யாரும் சோதித்துக்கொள்ளலாம். உப்பு கசப்பை அடக்கும் என்பது சுவை ஆய்வில் உறுதியான விஷயம். இந்தப் பலன்களில் ஒன்றுக்குக்கூட ஆல்கஹால் காரணமில்லை.

வலுவான ஆட்சேபம் சர்க்கரையைப் பற்றியது. இந்தப் பாட்டில்களில் இனிப்பு தாராளமாகவே இருக்கிறது. ஒரே அளவை எடுத்துக்கொண்டால் கோலா பானங்களை ஒட்டி வரும். இது சாயம் பூசிய சோடாதானே என்று கேட்பவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆல்கஹாலை எடுத்துவிட்டால் பானத்தின் கனம் போய்விடும். கசப்பு தாங்குவாரில்லாமல் துருத்திக்கொண்டு நிற்கும். அந்தக் கனத்தைத் திருப்பிக் கொடுப்பது சர்க்கரை. ஆகவே அது அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. ஆனால் காரணம் இருப்பதால் தீங்கு இல்லையென்று ஆகாது. நீரிழிவு உள்ளவர்கள் இதைக் கணக்கில் எடுத்தே தீரவேண்டும். மற்றவர்களுக்கு, அளவுதான் பாதுகாப்பு. 100 மில்லிலிட்டர் பாட்டிலில் வருவது இரண்டு தேக்கரண்டியை ஒட்டிய சர்க்கரை. 330 மில்லிலிட்டர் கோலா டப்பாவில் அதைப்போல மும்மடங்கு. மதுவகைகளான கம்பாரியும் அபெரோலும்கூடச் சர்க்கரை சேர்ந்தவையே என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே சர்க்கரையோடு ஆல்கஹாலும் சேர்கிறது. என் கவலையெல்லாம் பாட்டில்கள் பெரிதாகிவருவதைப் பற்றித்தான். க்ரோடினோ 175 மில்லிலிட்டர் பாட்டிலிலும் வர ஆரம்பித்துவிட்டது. சிறியதாக இருப்பது இந்தப் பானத்தின் இலக்கணம். அதைப் பெரிதாக்குகிற வியாபாரம் அதன் நியாயத்தையே அரிக்கிறது.

மது இல்லாமல் சுவை மெலிந்துபோகும் என்பது குடித்துப் பழகியவர்களின் புகார். இதில் பாதி உண்மை. ஆரஞ்சுத் தோலின் மணஎண்ணெய் தண்ணீரில் எளிதில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். தொண்டையில் இறங்கும் அந்தச் சூட்டையும் தண்ணீரால் தர முடியாது. இத்தாலியப் பானத் தயாரிப்பாளர்கள் இதற்குக் கண்ட விடை கரியமில வாயு. காற்றேற்றிய பானம் நாவில் பட்டதும் வாயு கார்பானிக் அமிலமாக மாறி, புளிப்பு உணரும் செல்களையும் வலி உணரும் நரம்புகளையும் ஒருசேரத் தொடுகிறது. அந்தச் சுரீர் உணர்வு மதுவின் சூட்டுக்கு இணையாக முழுதும் நிற்காது. ஆனால் கசப்பைத் தூக்கிப்பிடிக்கப் போதுமானது. டூரின் அருகே பெஸ்ஸியோனேயில் இருக்கும் மார்த்தினி நிறுவனம் வேறு வழியில் போனது. ஒயினிலிருந்து ஆல்கஹாலை நீக்கி, அதில் மூலிகைகளை ஊறவைத்து, விப்ரான்தே, ஃப்ளோரேயாலே என்று இரண்டு பானங்களை 2020இல் கொண்டுவந்தது. முன்னதில் பெர்கமோட் என்ற ஆரஞ்சு இனத்தின் மணம், பின்னதில் சாமந்தி இனத்துக் கமோமில் பூ. இவை கெட்டியான ருசியுள்ளவை, டானிக் தண்ணீர் ஊற்றிக் குடிப்பவை. என் தேர்வு பழைய சிறு பாட்டில்கள்தான். மதுவைப் போலச் செய்ய அவை மெனக்கெடுவதில்லை.

இதெல்லாம் விளம்பரம் உருவாக்கிய பழக்கம், மரபு என்று எப்படிச் சொல்வது என்றும் கேட்கலாம். கேள்வி நியாயமானது. 1957 முதல் 1977 வரை இத்தாலியத் தொலைக்காட்சியில் ஒவ்வோர் இரவும் ஓடிய கரோசெல்லோ என்ற விளம்பர நிகழ்ச்சியின் காலத்தில்தான் இந்தப் பாட்டில்கள் பிறந்தன. பொருளாதாரம் பொங்கியெழுந்த காலம் அது. விளம்பரம் ஒரு பாட்டிலை ஒருமுறை வாங்கவைக்கும். அறுபது வருடம் தொடர்ந்து வாங்கவைத்தது அவை புகுந்த இடம். நம் ஊரில் பார் என்றால் மதுக்கூடம். ஆண்கள் கூட்டம், மூடிய கதவு. இத்தாலிய பார் அப்படிப்பட்டது இல்லை. காலையில் காப்பியும் கிரொசாண்ட் ரொட்டியும் தருவது அதே கடை, பிற்பகலில் பள்ளிவிட்ட பிள்ளைக்கு ஐஸ்க்ரீம் தருவதும் அதே கடை, மாலையில் அபெரிடிவோ ஊற்றுவதும் அதே கடை. பாட்டியும் பேத்தியும் ஒரே மேசையில் உட்காரும் இடத்தில், மது வேண்டாதவருக்கும் வளர்ந்தவர்களுக்குரிய ஒரு பானம் இருந்தாக வேண்டும். பழரசம் அந்த இடத்தை நிரப்பாது. அது குழந்தைக்கு வாங்கித் தருவது. கசப்புப் பானம் நிரப்புகிறது. கையில் இருப்பது என்ன என்று யாரும் விசாரிப்பதில்லை. குடிக்காததற்குக் காரணம் சொல்லவேண்டிய சங்கடமும் இல்லை. கர்ப்பிணிக்கும், மாத்திரை சாப்பிடுபவருக்கும், மது தன் சமயத்துக்கு ஆகாதவருக்கும் இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது விருந்துகளில் காரணம் சொல்லிச் சலித்தவர்களுக்குத் தெரியும்.

காலமும் இந்தப் பக்கம்தான் திரும்புகிறது. 1970களின் தொடக்கத்தில் ஓர் இத்தாலியர் சராசரியாக ஆண்டுக்கு நூறு லிட்டருக்கு மேல் ஒயின் குடித்தார். இன்று நாற்பது லிட்டருக்கும் கீழே. ஒயின் இப்படிச் சரிந்த அதே காலத்தில் அபெரிடிவோ வழக்கம் வடக்கு நகரங்களிலிருந்து நாடு முழுக்கப் பரவியது. அந்தப் பரவலில் பெரும்பங்கு அபெரோல் ஸ்பிரிட்ஸ் என்ற மதுக்கலவைக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஸ்பிரிட்ஸை விரும்புபவர்கள் அதில் ரசிப்பதும் ஆரஞ்சு நிறத்தையும், குமிழையும், கசப்பையும், மாலைப்பொழுதையும்தானே. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் கிடையாது என்று அறிவித்தது. இத்தாலியச் சாலைச் சட்டப்படி 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களும், உரிமம் பெற்று மூன்றாண்டு ஆகாதவர்களும், தொழில்முறை ஓட்டுநர்களும் ஒரு துளி மதுவோடும் வண்டி ஓட்டக்கூடாது. மற்றவர்களுக்கான வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம். 2024 டிசம்பரில் தண்டனைகள் இன்னும் கடுமையாயின. மாலையில் நண்பர்களைச் சந்தித்துவிட்டு வண்டியில் வீடு திரும்ப வேண்டிய இருபது வயதுக்காரருக்கு, 1964இல் ஒரு மலையூரில் செய்த பானம் இன்று ரொம்பவும் பொருத்தமாக வந்து வாய்த்திருக்கிறது.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். மதுவில்லாதது என்று விற்கப்படும் எல்லாமே பூஜ்யம் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1.2 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் அளவைக் கட்டாயம் அச்சிட வேண்டும். ஒயினிலிருந்து ஆல்கஹால் நீக்கிய பானங்களில் 0.5 சதவீதம்வரை மிச்சம் இருக்கலாம். சமயக் காரணத்துக்காக விலக்குபவர்கள் லேபிளில் 0.0 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர்கள் விஷயம் இன்னும் நுட்பமானது. மதுவின் நிறமும் குவளையும் மணமும் சிலருக்குப் பழைய வேட்கையைக் கிளப்பிவிடும். அவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க நான் தயங்குவேன். முடிவு அவர்களுடையது, மருத்துவருடையது.

சிவப்பும் பொன்னிறமும் புகழ்பெற்ற அளவுக்குப் புகழ்பெறாத மூன்றாவது ஒன்றும் உண்டு, கினோட்டோ. லிகூரியா கடற்கரையின் சவோனா நகரைச் சுற்றி வளரும் குட்டை மரத்தின் பழம் அது. பெரிய எலுமிச்சை அளவில் இருக்கும், பச்சையாகக் கடிக்க முடியாத கசப்பு. சவோனாவில் அதைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து மிட்டாயாக்குகிறார்கள். அழிந்துவிடும் நிலையிலிருந்த இந்தப் பழத்தை ஸ்லோ ஃபுட் இயக்கம் தன் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்துக் காத்துவருகிறது. கோலாவின் கறுப்பு நிறத்தில் வரும் கினோட்டோ பானத்தின் முதல் மிடறு இனிப்பாகத் தொடங்கி, விழுங்கிய பிறகு அடிநாக்கில் ஆரஞ்சுத் தோலின் கசப்பாக நிற்கும். சுண்டைக்காய் வற்றலை நெய்யில் பொரித்துச் சோற்றில் பிசைந்து பழகிய நாக்குக்கு இந்தப் பின்கசப்பு அந்நியமாகப் படாது. இத்தாலியக் கசப்பைத் தொடங்க விரும்பும் தமிழருக்குக் கினோட்டோ நல்ல வாசல். அடுத்து க்ரோடினோ, பிறகு சான்பித்தேர். மூன்றையும் நன்றாகக் குளிரவைத்து, சிறிய குவளையில் ஊற்றிக் குடிக்க வேண்டும். பனிக்கட்டி அதிகம் போட்டால் கரைந்து கசப்பை நீர்க்கச் செய்துவிடும், இரண்டு கட்டி போதும். ஆரஞ்சுத் துண்டைத் தோலோடு போடுங்கள். மணம் தோலில்தான் இருக்கிறது. கூடவே உப்பான ஏதாவது கொஞ்சம் கட்டாயம் வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் தொடங்கி, ஒரு பாட்டிலோடு நிறுத்திவிட வேண்டும். இரண்டாவது பாட்டிலின் சர்க்கரை, முதல் பாட்டில் தயார்செய்து வைத்த நாக்கைக் கெடுத்துவிடும்.